பிளாக்ஜாக்: மூளையால் ஜெயிப்பவனை கேசினோ விரட்டலாமா?

மணிமாறன்_ஜெர்சி

எங்கள் டீமில் ஒரு பையன் இருக்கிறான். வார இறுதிகளில் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டிக்குப் போய் பிளாக்ஜாக் ஆடுவான். 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட (கேசினோவுக்காகச் சீட்டுப் போடுகிறவர்) அதிக எண் சேர்க்க வேண்டிய சீட்டாட்டம் அது. சும்மா ஆடுகிறவன் இல்லை, சீட்டை எண்ணி ஆடுகிற வகை. சமீபத்தில் நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் போனபோது ஒரு பெரிய கேசினோவில் கொஞ்ச நேரம் ஆடியதும் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாராம். "சார், உங்கள் ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ரூலெட், கிராப்ஸ், வேறு எது வேண்டுமானாலும் ஆடுங்கள். பிளாக்ஜாக் மட்டும் இங்கே வேண்டாம்." அவ்வளவுதான் பேச்சு. சத்தம் இல்லை, சண்டை இல்லை.

பையன் போனைத் தொடவில்லை, யாருக்கும் ஜாடை காட்டவில்லை, தலைக்குள் கணக்குப் போட்டான், அவ்வளவுதான். இதே ஆள் அட்லாண்டிக் சிட்டியில் உட்கார்ந்தால் யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. அடிக்கடி சீட்டைக் கலைத்து அவன் கணக்கைக் குலைக்கிறார்கள், அதோடு சரி. ஒரே நாட்டில் ஒரே ஆட்டத்துக்கு ஏன் இரண்டு நடைமுறை? தோற்பவனுக்கு இலவச அறை, இலவசச் சாப்பாடு. ஜெயிப்பவனுக்கு வாசல். இதைக் கேட்க ஆளே இல்லையா?

ஏழரை

சகுனி மாமாவிடமே போய் "பகடை நியாயமாக உருளுதா மாமா" என்று கேட்ட மாதிரி இருக்கிறது அண்ணே.

சட்டக்கிளி

மணிமாறன், கேட்க ஆள் இருந்தார். பெயர் கென் அஸ்டன். பசிபிக் பங்குச் சந்தையில் உயர் பதவியில் இருந்துவிட்டு, அதை உதறிப் பிளாக்ஜாக் பக்கம் வந்தவர். நெவாடாவில் அவரைக் கேசினோக்கள் வரிசையாகத் தடை செய்தன. அங்கே வழக்குப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 1978-ல் அட்லாண்டிக் சிட்டியில் முதல் கேசினோ திறந்ததும் அங்கே வந்தார். 1979 ஜனவரியில் ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் அவரையும் வெளியே அனுப்பியது. இந்த முறை வழக்கு நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அவர் ஜெயித்தார்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயம் இருக்கிறது, பலர் ஒன்றைத்தான் சொல்வார்கள். முதலாவது: பிளாக்ஜாக்கை எந்த விதிப்படி ஆட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அப்போது மாநிலத்தின் கேசினோ கட்டுப்பாட்டு ஆணையத்துக்குத்தான் இருந்தது. எண்ணுகிறவனை விலக்கலாம் என்று ஆணையம் விதி போடாதபோது கேசினோவே தன்னிச்சையாக விலக்க முடியாது. இரண்டாவது கொஞ்சம் பெரிய கருத்து: பொதுமக்களுக்கென்று கதவைத் திறந்து வைத்த பிறகு, நியாயமான காரணம் இல்லாமல் ஒருவரை மட்டும் வெளியே நிறுத்தும் உரிமை இடத்துக்காரருக்கு இல்லை.

நெவாடாவில் இந்த இரண்டாவது கருத்து எடுபடவில்லை. அங்கே கேசினோ தனியார் இடம். இனம், மதம் போன்ற தடை செய்யப்பட்ட காரணங்கள் இல்லாதவரை, யாரை வேண்டுமானாலும் "போய் வாருங்கள்" என்று சொல்லலாம். உங்கள் நண்பர் செய்தது குற்றம் இல்லை, அவரை அனுப்பியதும் குற்றம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

பங்குபாண்டி

நெவாடா செய்வதுதான் சரி. கடை என்னுடையது, நஷ்டம் தருகிற வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறேன். இதில் என்ன அநியாயம்?

மணிமாறன்_ஜெர்சி

பாண்டி, நீங்கள் பங்கு வாங்கி விற்கிறவர்தானே. நன்றாகக் கணித்து லாபம் பார்க்கிறீர்கள் என்று சொல்லி ப்ரோக்கர் உங்கள் கணக்கை மூடினால் சும்மா இருப்பீர்களா?

பங்குபாண்டி

ப்ரோக்கருக்கு நான் ஜெயித்தாலும் தோற்றாலும் கமிஷன் உண்டு. கேசினோ எனக்கு எதிர்க்கட்சி. என் எதிரே உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு "போதும், நான் ஆடவில்லை" என்று சொல்ல உரிமை கிடையாதா?

கணக்கு_வாத்தியார்

எதிர்க்கட்சி ஆட்டத்தை நிறுத்தலாம், சரி. ஆனால் இந்த எதிர்க்கட்சி வாசலில் "வாங்க, உங்கள் திறமையைக் காட்டுங்க" என்று பலகை மாட்டியிருக்கிறதே.

எண்ணுவது என்றால் என்ன என்று தெரியாமலே பாதிப் பேர் சண்டை போடுவார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வெளியே வந்தாலும் +1. 7, 8, 9 வந்தால் பூஜ்யம். 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் வந்தால் −1. சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால் மிச்சத்தில் பெரிய சீட்டுகள் அதிகம், அது ஆடுகிறவருக்குச் சாதகம். ஆறு கட்டுப் போட்ட ஷூவில் (சீட்டுகளை வைத்து ஒவ்வொன்றாக எடுக்கும் பெட்டி) மூன்று கட்டு தீர்ந்திருக்கிறது, உங்கள் கணக்கு +6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று கட்டால் வகுத்தால் +2. இதுதான் உண்மையான எண்.

சாதாரணமாகப் பிழையில்லாமல் ஆடினாலே கேசினோவுக்குச் சுமார் அரை சதவீதம் சாதகம் இருக்கும். உண்மையான எண் ஒவ்வொன்று ஏறும்போதும் ஏறக்குறைய அரை சதவீதம் உங்கள் பக்கம் சாய்கிறது. ஆக +2-ல் உங்களுக்கு அரை சதவீதம் மேல்கை. 100 டாலர் வைத்தால் சராசரியாக 50 சென்ட். அந்த 50 சென்டுக்காக ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஏறும், இறங்கும். எண்ணத் தெரிந்தும் கைப்பணம் போதாமல் காலியானவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் தோர்ப் இதை ஐ.பி.எம். 704 கணினியில் போட்டுப் பார்த்து 1962-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அறுபது வருஷத்துக்கு மேலாகக் கடையில் விற்கிற ரகசியம் இது.

ஏழரை

50 சென்டுக்குக் கோட்டு சூட்டு போட்ட ஆளை அனுப்புகிறார்களா? கோட்டு சலவைக் கூலி அதைவிட அதிகம் ஆகுமே.

கடல்_டீலர்

சில வருஷம் சொகுசுக் கப்பலில் டீலராக இருந்தேன். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எண்ணுகிறவரை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பந்தயத்தைப் பார்த்தால் தெரியும். ஷூ ஆரம்பத்தில் 25 டாலர் வைத்துக்கொண்டிருப்பார். நடுவில் சின்னச் சீட்டாகக் கொட்டித் தீர்ந்ததும் 200 வைப்பார். நான் சீட்டைக் கலைத்துப் புது ஷூ போட்டதும் மறுபடி 25. குடிபோதையில் பந்தயம் ஏற்றுகிறவர் தோற்ற கோபத்தில் ஏற்றுவார். இவர் தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே முகத்தோடு ஏற்றுவார், இறக்குவார். இன்னொன்று, காப்பீட்டுப் பந்தயம், அதாவது டீலருக்கு முதல் இரண்டு சீட்டிலேயே 21 வரும் என்று தனியாக வைப்பது. டீலருக்கு ஏஸ் வரும்போது எப்போதும் "வேண்டாம்" என்று தலையாட்டுகிறவர், பெரிய பந்தயம் இருக்கும்போது மட்டும் எடுப்பார். இரண்டு முறை அப்படி நடந்தால் மேசைகளை மேற்பார்க்கும் பிட் பாஸ் போனை எடுத்துவிடுவார்.

மேலே கேமராவில் ஒருவர் இவர் ஆடிய கைகளைத் தானும் எண்ணிப் பார்ப்பார். எண்ணுக்கும் பந்தயத்துக்கும் பொருந்துகிறதா என்று. பொருந்தினால் முதலில் எங்களுக்கு வரும் உத்தரவு கட் கார்டைப் பற்றியது. அது வெளியே வந்தால் சீட்டைக் கலைக்க வேண்டும் என்று அர்த்தம். ஆறு கட்டு ஷூவில் அந்த மஞ்சள் அட்டையைப் பின்னாலிருந்து ஒரு கட்டு, ஒன்றரைக் கட்டு தள்ளிச் செருகுவோம். "பாதியில் செருகு" என்று சொல்வார்கள். மூன்று கட்டு போனதுமே கலைத்துவிடுவோம். எண் ஏறுவதற்குள் ஷூ முடிந்துவிடும். மேசையில் மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் கலைக்கிறோம் என்றே புரியாது. எண்ணுகிறவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிப்பை (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) அடுக்கி எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு சிப் டிப்ஸ் தள்ளிவிட்டுப் போவார். அந்த மாதிரி ஆட்கள் மேல் எனக்கு வருத்தமே வந்ததில்லை. டீலரைத் திட்டுகிறவர்கள் எல்லாம் தோற்கிறவர்கள்தான்.

ஏழரை கேட்டதற்குப் பதில்: பயம் ஒற்றை ஆளைப் பார்த்து அல்ல, கூட்டணியைப் பார்த்து. நாலு மேசையில் நாலு பேர் குறைந்த பந்தயம் வைத்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண் ஏறியதும் ஒருவர் ஜாடை காட்டுவார். எங்கிருந்தோ ஒரு பணக்காரர் தள்ளாடிக்கொண்டு வந்து நேராகப் பெரிய பந்தயம் வைப்பார். அவர் பந்தயத்தை ஏற்றி இறக்குவதே இல்லை, அதனால் சந்தேகமும் வராது. 1970-களில் ஆல் பிரான்செஸ்கோ கொண்டு வந்த முறை இது. அஸ்டன் அவர் குழுவில் பழகியவர். எம்.ஐ.டி. மாணவர்கள் பின்னால் இதைப் பெரிய முதலீட்டோடு செய்தார்கள்.

பங்குபாண்டி

பாருங்கள், ஜாடை, வேஷம், கூட்டணி. இதை ஏமாற்று என்று சொல்லாமல் என்ன சொல்வது?

சட்டக்கிளி

நெவாடா சட்டத்தில் ஏமாற்று என்றால் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் விஷயங்களை மாற்றுவது. சீட்டில் குறி வைப்பது, பந்தயம் முடிந்த பிறகு சிப்பைக் கூட்டுவது, இப்படி. கூட்டாளி ஜாடை காட்டுவதால் ஷூவில் இருக்கும் சீட்டு மாறிவிடாது. எண்ணுவதற்குக் கருவி வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. கீத் டாஃப்ட் என்பவர் ஷூவுக்குள், நம் காலில் போடும் ஷூவுக்குள், கணினி வைத்துக் கால் விரலால் தட்டி ஆடினார். அதற்கென்றே 1985-ல் நெவாடா தனிச் சட்டம் போட்டது. கருவி வைத்தால் குற்றம், மூளையை வைத்தால் குற்றம் இல்லை.

டீலர் அஜாக்கிரதையால் கவிழ்த்து வைத்த சீட்டு தெரிந்துவிடுகிறது, எதிரே இருப்பவர் பார்த்துவிட்டார். அதுவும் ஏமாற்று இல்லை என்று 1983-லேயே நெவாடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளியே அனுப்புவதை நானும் பெரிய அநியாயமாகச் சொல்ல மாட்டேன். பாண்டியோடு அந்த அளவுக்கு ஒத்துப்போகிறேன். என் கோபம் அதற்கு அடுத்த படியில் நடப்பதைப் பற்றி. விலங்கு மாட்டிப் பின்னறைக்குக் கொண்டு போவது, போலீசிடம் "இவன் ஏமாற்றுக்காரன்" என்று பொய் சொல்வது, ஜெயித்த சிப்புக்குப் பணம் தர மறுப்பது. வழக்குகளில் ஆட்டக்காரர்கள் ஜெயித்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஜேம்ஸ் க்ரோஷானை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்ஜாக் உலகில் கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவர். 2000-ல் சீசர்ஸ் பேலஸில் நண்பர் மைக்கேல் ரூசோவோடு கைதாகி சில நாள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு நிற்கவில்லை. அடுத்த வருஷம் இம்பீரியல் பேலஸில் காவலர்கள் விலங்கு மாட்டி நிறுத்தி வைத்தார்கள். இதற்குப் பின்னால் ஒரு துப்பறியும் நிறுவனம் இருந்தது: கிரிஃபின் இன்வெஸ்டிகேஷன்ஸ், 1967 முதல் கேசினோக்களுக்குப் படங்களோடு பெயர்ப் பட்டியல் விற்று வந்தது. உண்மையான மோசடிக்காரர்கள் படமும், வெறுமனே எண்ணுகிறவர்கள் படமும் ஒரே புத்தகத்தில். க்ரோஷானும் ரூசோவும் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 2005-ல் கிரிஃபின் திவால் மனு கொடுத்தது. இம்பீரியல் பேலஸ் வழக்கும் நெவாடா உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் க்ரோஷான் பக்கம் முடிந்தது.

இந்த இரண்டும் நடந்தது நெவாடாவில். எண்ணுகிறவனை வெளியே அனுப்பலாம் என்று சொல்லும் அதே மாநிலத்தில்.

கணக்கு_வாத்தியார்

சென் வழக்கையும் சொல்லுங்கள் சார், எனக்கு அதுதான் பிடித்தது.

சட்டக்கிளி

ரிச்சர்ட் சென். தடைப் பட்டியலில் பெயர் இருந்ததால் போலி பாஸ்போர்ட்டைக் காட்டி லாஸ் வேகாஸ் மான்டே கார்லோவில் ஆடினார். ஜெயித்தார். உண்மை தெரிந்ததும் சுமார் 40,000 டாலர் சிப்புக்குப் பணம் தர முடியாது என்று கேசினோ சொன்னது. கேசினோக்களைக் கண்காணிக்கும் மாநிலத்தின் கேமிங் கட்டுப்பாட்டு வாரியமும் "ஆமாம், பெயரை ஏமாற்றியிருக்கிறார்" என்று கேசினோ பக்கம் நின்றது. 2000-ல் நெவாடா உச்ச நீதிமன்றம் புரட்டிப் போட்டது. அவர் மேசையில் உட்கார்ந்தது பொய்ப் பெயரால். ஆனால் ஜெயித்தது பெயரால் அல்ல, திறமையால். பணத்தைக் கொடு.

இதைப் படித்துவிட்டு யாரும் போலி அடையாளத்தோடு கிளம்பிவிடாதீர்கள். பணம் கிடைத்தாலும் போலி பாஸ்போர்ட்டுக்குத் தனி வழக்கு காத்திருக்கும்.

பங்குபாண்டி

சரி, அப்போ போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவி? அவரும் "திறமை" என்றுதானே சொன்னார். லண்டன் கோர்ட் ஏமாற்று என்று சொல்லிவிட்டதே.

கடல்_டீலர்

ஐவி ஆடியது பிளாக்ஜாக் இல்லை, பக்காரா என்ற இன்னொரு சீட்டாட்டத்தின் வகை. ஆனால் விஷயம் நெருங்கினதுதான். சீட்டின் பின்பக்க டிசைன் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி வெட்டுப்படாத சில கட்டுகள் உண்டு. ஒரு ஓரத்தில் முழு வைரம், மறு ஓரத்தில் அரை வைரம். ஐவியின் கூட்டாளி செங் யின் சன், அந்த அரை மில்லிமீட்டரைப் படிக்கப் பழகியவர். டீலரிடம் "இந்தச் சீட்டு எனக்கு ராசி, திருப்பி வையுங்கள்" என்று மூடநம்பிக்கை போலச் சொல்லி, நல்ல சீட்டுகளை மட்டும் 180 டிகிரி திருப்ப வைத்தார்கள். இயந்திரத்தில் கலைத்தாலும் திருப்பிய சீட்டு திரும்பியேதான் இருக்கும். அடுத்த சுற்றில் ஷூவின் வாயில் நிற்கும் முதல் சீட்டு நல்லதா கெட்டதா என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும்.

டீலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய ஆட்டக்காரர் கேட்டால் டீலர் செய்துதான் ஆக வேண்டும். "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. மேலாளரே தலையாட்டுவார், ஏனென்றால் மூடநம்பிக்கை உள்ள பணக்காரரைவிட லாபமான ஆள் கேசினோவுக்குக் கிடையாது.

சட்டக்கிளி

லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோ, 2012 ஆகஸ்ட், 77 லட்சம் பவுண்டு. அவர் போட்ட முதலைக் கேசினோ திருப்பிக் கொடுத்தது, ஜெயித்ததைத் தரவில்லை. ஐவி வழக்குப் போட்டார். 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏமாற்று என்றது. தான் நேர்மையாகத்தான் ஆடியதாக அவர் மனதார நம்பினார் என்பதை ஏற்றுக்கொண்டே அப்படிச் சொன்னார்கள். ஊர் பார்வையில் அது நேர்மையா என்பதுதான் அளவுகோல், அவர் மனசாட்சி அல்ல என்றார்கள். ஆங்கிலேயக் குற்றவியல் சட்டத்தில் நேர்மையின்மைக்கு இருந்த பழைய சோதனையே இதனால் மாறியது.

அதே 2012-ல் அட்லாண்டிக் சிட்டி போர்காடாவில் அதே முறையில் 96 லட்சம் டாலர். அங்கே பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்குப் போட்டார்கள். நீதிபதி மோசடி இல்லை என்றார். ஆனால் குறியிட்ட சீட்டை வைத்து ஆடுவது மாநில விதிக்கு முரண், அதனால் ஒப்பந்த மீறல் என்று சொல்லி ஒரு கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரச் சொன்னார். மேல்முறையீட்டில் இருக்கும்போது 2020-ல் சமாதானம் பேசி முடித்துக்கொண்டார்கள்.

என் பார்வையில் ஐவி எல்லைக்கு அந்தப் பக்கம் போனவர்தான். எண்ணுகிறவர் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கவனிக்கிறார். ஐவி டீலர் கையை வைத்து ஷூவை அடுக்கினார். இரண்டையும் ஒரே பையில் போடுவது பாண்டி மட்டும் செய்கிற வேலை இல்லை, கேசினோக்களும் வேண்டுமென்றே செய்கிற வேலை.

சிங்கைச்செல்வி

இங்கே 2010-ல் இரண்டு கேசினோ திறந்தார்கள். சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழையவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, முன்பு 100. எண்ணி ஆடி அரை சதவீதம் ஜெயிக்க நினைப்பவன் வாசலிலேயே 150 நஷ்டத்தோடு தொடங்குகிறான். விரட்டவே வேண்டாம் 😄

எனக்கு ஒரு சந்தேகம். கேசினோ பக்கம் தப்பு நடந்து ஆட்டக்காரர் ஜெயித்தால் கோர்ட் என்ன சொல்கிறது? கேசினோ தப்புக்குக் கேசினோதானே பொறுப்பு?

சட்டக்கிளி

அக்கா, அங்கேதான் வயிறு எரியும். 2012-ல் அட்லாண்டிக் சிட்டி கோல்டன் நக்கெட்டில் மினி பக்காரா மேசை. கலைத்தே வரும் என்று உத்தரவாதத்தோடு வாங்கிய சீட்டுக் கட்டுகள். ஆனால் தயாரித்த நிறுவனம் கலைக்காமல் அனுப்பிவிட்டது. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கவனித்து, 10 டாலர் பந்தயத்தை 5,000 வரை ஏற்றினார்கள். தொடர்ந்து 41 கை ஜெயித்தார்கள். 14 பேர் சேர்ந்து 15 லட்சம் டாலருக்கு மேல். சீட்டைத் தொட்டது கேசினோ, வாங்கியது கேசினோ, ஆட்டத்தை நிறுத்தாமல் வேடிக்கை பார்த்தது கேசினோ. ஆரம்பத்தில் ஒரு நீதிபதி ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றார். 2015-ல் வந்த தீர்ப்பு, கலைக்காத சீட்டில் ஆடியது மாநில விதிப்படி செல்லாத ஆட்டம், பணத்தைத் திருப்பிக் கொடு என்றது.

சட்டப்படி தர்க்கம் புரிகிறது. ஆனால் அதே கலைக்காத கட்டில் 14 பேரும் தோற்றிருந்தால் கேசினோ தானாக முன்வந்து "ஆட்டம் செல்லாது, பிடியுங்கள் பணத்தை" என்று கூப்பிட்டிருக்குமா?

ஏழரை

கூப்பிட்டிருக்கும் சார், அடுத்த ஆட்டத்துக்கு.

மணிமாறன்_ஜெர்சி

நியூ ஜெர்சியில் அஸ்டன் ஜெயித்துவிட்டாரே, அப்புறம் அங்கே எல்லாம் சுபம்தானா?

சட்டக்கிளி

எங்கே. வெளியே அனுப்பக்கூடாது என்றதும் கேசினோக்கள் ஆணையத்திடம் போய் மாற்று வழி வாங்கிக்கொண்டன. கட்டு எண்ணிக்கையைக் கூட்டலாம், நினைத்தபோது கலைக்கலாம், பந்தயத்துக்கு வரம்பு போடலாம். ஆன்டனி கேம்பியோன் என்று ஒருவர் வழக்கு இருக்கிறது. அவருக்கு மட்டும் பந்தய வரம்பைக் குறைத்துவிட்டு, அதே மேசையில் மற்றவரைத் தாராளமாக ஆட விட்டார்கள். தகராறு முற்றிக் கைது வரை போனது. ஜூரி அவருக்குப் பெரிய தொகை கொடுத்தது. 1998-ல் மாநில உச்ச நீதிமன்றமோ, அந்த நடவடிக்கைகள் விதிக்கு உட்பட்டவையா என்று முதலில் பார்க்க வேண்டியது ஆணையம் என்று சொன்னது. ஆக, உட்காரும் உரிமை உங்களுக்கு, ஆட்டத்தைச் சப்பென்று ஆக்கும் உரிமை அவர்களுக்கு.

மற்ற மாநிலங்கள் அஸ்டன் வழியில் வரவும் இல்லை. இந்தியானாவில் சீட்டை எண்ணியதற்காகத் தடை செய்யப்பட்ட தாமஸ் டொனோவன் மேல்முறையீட்டில் ஜெயித்து, 2010-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

பங்குபாண்டி

நம்ம ஊர்ச் சட்டத்தில் இது நேர் தலைகீழ். ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சத்யநாராயணா வழக்கில் சொன்னது. குதிரைப் பந்தயத்துக்கு லட்சுமணன் வழக்கு, 1996, அதுவும் தமிழ்நாட்டுக்கு எதிராக. இங்கே "எனக்குத் திறமை இருக்கிறது" என்று நிரூபித்தால் ஆட விடுவார்கள். அங்கே நிரூபித்தால் எழுப்பி விடுவார்கள்.

கணக்கு_வாத்தியார்

2025-ல் வந்த மத்தியச் சட்டம் இணையப் பண ஆட்டங்களுக்குத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதத்தையே எடுத்துவிட்டது பாண்டி. எல்லாவற்றுக்கும் தடை. அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

எண்ணாமலேயே ஜெயித்த டான் ஜான்சனை யாரும் சொல்லவில்லையே. 2008 சரிவுக்குப் பிறகு அட்லாண்டிக் சிட்டி கேசினோக்கள் பெரிய பந்தயக்காரருக்கு ஏங்கிக் கிடந்தன. அவர் உட்காரும் முன்பே பேரம் பேசினார். நாளைக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் தோற்றால் 20 சதவீதம் தள்ளுபடி, அதோடு சாதகமான விதிகள் சில. கேசினோவின் சாதகம் கால் சதவீதத்துக்கு வந்துவிட்டது, தள்ளுபடியைச் சேர்த்தால் அவர் பக்கம் சாய்ந்தது. சில மாதங்களில் ட்ரோபிகானா, போர்காடா, சீசர்ஸ் மூன்றிலும் சேர்த்துச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர். ஒளிவு மறைவில்லை, கையெழுத்துப் போட்டது கேசினோ. அப்புறம் என்ன, "உங்களோடு இனி ஆட முடியாது" என்று அவரையும் நிறுத்தினார்கள்.

பங்குபாண்டி

அவரைப் பாராட்டுகிறேன். அது வியாபாரம்.

மணிமாறன்_ஜெர்சி

வேகாஸ் விஷயத்துக்கு வருகிறேன். பையன் கையில் சிப் மிச்சம் இருந்தது, மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். மாற்ற மறுத்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?

சட்டக்கிளி

சண்டை போடாமல் "கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கூப்பிடுங்கள்" என்று கேட்க வேண்டும். நெவாடாவில் தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ என்றால் வாரியத்துக்கு உடனே தெரிவிப்பது கேசினோவின் கடமை. குறைந்த தொகை என்றால், வாரியத்திடம் புகார் செய்யலாம் என்று உங்களுக்குச் சொல்லியாவது ஆக வேண்டும். வாரிய முடிவு பிடிக்காவிட்டால் விசாரணை, அதன் பிறகு நீதிமன்றம்.

அடையாள அட்டை கேட்பார்கள். ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கைமாறினால் மத்திய அரசுக்குப் படிவம் போக வேண்டும், அங்கே கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குக் கீழே சின்னத் தொகைக்கு, ஆட்டத்திலிருந்து எழுப்பிவிட்ட கையோடு கேட்டால், பெரும்பாலும் பட்டியலில் சேர்க்கத்தான். பின்னறைக்கு "கொஞ்சம் வாருங்கள், பேசலாம்" என்று அழைத்தால், "நான் கைதா, போகலாமா?" என்று சத்தமாகவே கேட்கலாம், கேமரா இருக்கும் இடத்தில். இனி இந்த இடத்துக்குள் வரக்கூடாது என்று முறையாக எச்சரித்துவிட்டால் மட்டும் மறுபடி போகாதீர்கள். எண்ணியதற்கு வழக்கு கிடையாது, அத்துமீறி நுழைந்ததற்கு உண்டு.

கடல்_டீலர்

கப்பலில் அந்த வாரியமும் கிடையாது. நடுக்கடலில் எல்லாமே கப்பல் நிர்வாகம் சொல்வதுதான். எண்ணி ஆடுகிறவர்கள் கப்பல் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. இப்போதெல்லாம் தோளைத் தொட்டு எழுப்புவது குறைந்து வருகிறது என்று பழைய சகாக்கள் சொல்கிறார்கள். எழுப்பத் தேவையே இல்லை. பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 10 டாலருக்கு 15 கொடுத்த மேசைகள், இப்போது 12 கொடுக்கின்றன.

கணக்கு_வாத்தியார்

6-க்கு 5. ஏறக்குறைய 21 கைக்கு ஒரு முறை பிளாக்ஜாக் வரும். ஒவ்வொரு முறையும் 10-க்கு 3 டாலர் குறைகிறது. கணக்குப் போட்டால் கேசினோவின் சாதகம் சுமார் 1.4 சதவீதம் கூடுகிறது. எண்ணுகிறவர் உண்மையான எண் ஏறக்குறைய +4 வரும் வரை சமநிலைக்கே காத்திருக்க வேண்டும். அதற்குள் கடல் டீலர் சொன்ன மஞ்சள் அட்டை வந்துவிடும்.

இதில் வழக்குப் போடவும் இடம் இல்லை. யாரையும் விலக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே விதி. எண்ணத் தெரியாத ஆயிரம் பேரும் சேர்ந்துதான் கட்டுகிறார்கள்.

மணிமாறன்_ஜெர்சி

மேசையில் உட்காரும் முன் எது எந்த மேசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடல்_டீலர்

விரிப்புத் துணியிலேயே அச்சடித்திருக்கும். டீலருக்கு முன்னால் வளைவாக ஒரு வரி ஓடும், பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2 அல்லது 6-க்கு 5 என்று. 6-க்கு 5 மேசைகள் பெரும்பாலும் குறைந்த பந்தயம் வைக்கிற பக்கம், வாசலுக்குப் பக்கத்தில், பாட்டுச் சத்தம் அதிகமாக இருக்கிற இடத்தில் இருக்கும். 3-க்கு 2 வேண்டுமானால் உள்ளே தள்ளிப் போக வேண்டும், குறைந்தபட்சப் பந்தயமும் ஏறும். சிப் மாற்றுவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடச் சொல்லுங்கள் உங்கள் பையனை.